உயர் கிடைப்புக் கொத்தணி

தரவுப் பகுப்பாய்வுச் சேவையகம் ஒன்று பழுதடைந்தால், இன்னொன்று அதன் வேலையைத் தானாகவே ஏற்கும்படி இணைக்கப்பட்ட சேவையகங்களின் தொகுதியே உயர் கிடைப்புக் கொத்தணி எனப்படும்.

உதாரணம்: நோர்ட்டன் பிரிட்ஜிலுள்ள விமலசுரேந்திர நீர்மின் நிலையத்தில் தலா 25 மெகாவாற்று வலுவுடைய 2 மின்பிறப்பாக்கிகள் உள்ளன. ஒன்று நின்றாலும் மற்றையது இயங்கும். ஆனால் கிடைப்பது பாதி வலுவே. இரண்டுக்கும் நீர் வருவதோ ஒரே காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து. அது வற்றினால் இரண்டும் நின்றுவிடும்.

கொத்தணியிலும் இவ்வாறே. சேவையகங்கள் இரண்டாயினும் சேமிப்பகம் ஒன்றேயாயின், அது பழுதடையும்போது முழுச் சேவையும் நின்றுவிடும். ஆகவே சேமிப்பகம், வலையமைப்பு, மின்வழங்கல் ஆகியவையும் இவ்விரண்டாக அமைதல் வேண்டும். எஞ்சும் சேவையகம் முழுச் சுமையையும் தாங்கவல்லதாக இருத்தலும் அவசியம்.

வினா: கொத்தணி இருக்கையில் காப்புப்பிரதி எதற்கு?

விடை: தவறுதலாக அழிக்கப்படும் தரவு, இணைந்தியங்கும் எல்லாச் சேமிப்பகங்களிலும் அழிந்துவிடும். எனவே காப்புப்பிரதியை வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.