கடலை பிடுங்கும் நாள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

புரட்டாசியில் போட்ட கடலைக்கு நூறு நாள் ஆச்சு, பிடுங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நாளை மட்டும் எண்ணிப் பிடுங்காதே. டி.எம்.வி. 7 போன்ற கொத்துக்கடலைக்குச் சுமார் 105 நாள் என்பது சரிதான். ஆனால் பாலவனத்தம் பக்கம் மழை நினைத்தபோது பெய்யும், நினைத்தபோது நிற்கும். பூ பிந்தினால் காயும் பிந்தும்.

இலையையும் முழுசாக நம்பாதே. கடலை முற்றினால் அடியிலை பழுத்து உதிரும். டிக்கா நோய் விழுந்தாலும் அப்படியே உதிரும். புள்ளி இருக்கிறதா என்று பார். சந்தேகமாக இருந்தால் இரண்டு செடியை வேரோடு எடுத்துக்கொண்டு கோவிலாங்குளம் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டு.

நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் தழை காய்ந்ததும் ஒரு கிழங்கைத் தோண்டிப் பெருவிரலால் தேய்ப்பார்கள். தோல் வழன்றால் இன்னும் பொறுப்பார்கள். கடலைக்கு அடையாளம் ஓட்டுக்கு உள்ளே இருக்கிறது. காயை உடைத்துப் பருப்பை எடுத்துவிட்டு ஓட்டின் உட்புறத்தைப் பார். வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருந்தால் பிஞ்சு. பழுப்போ கருப்போ ஓடியிருந்தால் முற்றல். பருப்பும் ஓட்டை நிறைத்து, தோல் நிறம் ஏறியிருக்கும்.

ஒரு செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. விதைத்த ஒரு மாதத்துக்குள் பூக்கத் தொடங்கி வாரக்கணக்கில் பூக்கும். முந்திய பூவின் காய் முற்றி நிற்கும்போது பிந்திய பூவின் ஊசி இப்போதுதான் மண்ணில் இறங்கியிருக்கும். அதனால் வரப்போரத்தில் ஒரு செடியைப் பார்த்து முடிவு செய்யாதே. மேட்டில், பள்ளத்தில், நடுக்காட்டில் என்று பத்துச் செடி பிடுங்கி, காய் அத்தனையும் உடை. நூற்றுக்கு 75, 80 காய் உள்ளே கறுத்திருந்தால் மறுநாளே ஆளுக்குச் சொல்லிவிடு. மிச்சப் பிஞ்சுக்கு ஆசைப்படாதே. கொத்துக்கடலைக்குப் பெரும்பாலும் விதை உறக்கம் கிடையாது. மார்கழியில் ஒரு மழை விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். காம்பும் இற்று, செடி மட்டும் கையோடு வரும்.

மழையே இல்லாமல் செவக்காடு இறுகிவிட்டாலும் அதே கதைதான், காய் அறுந்து மண்ணில் தங்கும். கிணற்றில் தண்ணீர் கிடந்தால் லேசாக ஒரு தண்ணீர் பாய்ச்சி, பதம் வந்ததும் பிடுங்கு.

பிடுங்கியதை ஈரத்தோடு அம்பாரம் போடாதே. இதை உன்னிடம் கெஞ்சியே கேட்கிறேன். ஈரக் கடலையில் பூஞ்சாணம் பிடித்தால் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு சேரும். அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. கடைசி நாட்களில் வறட்சி அடித்த காட்டில் அந்த ஆபத்து இன்னும் கூடுதல். பூச்சி கடித்ததையும் களைக்கொத்து பட்டு உடைந்ததையும் தனியாகப் பொறுக்கி எறி. மற்றதைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும்வரை காயவை.

விதைக்கு வேண்டியதைக் காயாகவே, ஓட்டோடு கட்டிவை. உரித்து வைத்த பருப்பு சீக்கிரம் முளைப்புத்திறனை இழந்துவிடும்.

அன்புடன்,
மாமா