வஞ்சிரமா, பாரையா?

மீன் மசாலா வாங்க வருகிறவர், "எந்த மீனுக்கு எது சேரும்?" என்று கேட்பதுண்டு. நம் திருவல்லிக்கேணி வணிகர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

நொச்சிக்குப்பம் மீன் அங்காடியில் கவனியுங்கள். வஞ்சிரம் நீண்ட உடலும் மெல்லிய குறுக்கு வரிகளும் கொண்டது. பாரை அகன்று தட்டையாக இருக்கும். வாலருகே தடித்த செதில் வரிசை உண்டு. தூண்டில்காரர்களுக்கு இரண்டுமே சவால்தான். வஞ்சிரத்தின் பல் தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முனையில் கம்பி கட்டுவார்கள். பாரையோ இழுவையில் பலசாலி.

வஞ்சிரத்தில் சில்லறை முள் குறைவு. வறுவலுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு போதும். பாரையின் சதை இறுக்கமானது; புளிக்குழம்பில் எளிதில் உடையாது. அதற்கு மல்லித்தூள், வெந்தயம், நல்லெண்ணெய் வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வஞ்சிரம் விலை ஏறினால், வேறு மீன் துண்டுகளும் அதன் பெயரில் விலைபோகும். "முழு மீனைப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள், குழம்புக்குப் பாரையே போதும்" என்று நாம் சொல்லி அனுப்புவோம். காசு மிச்சமானவர் மறுவாரமும் மசாலாவுக்கு நம் கடைக்கே வருவார்.