கூட்டத்தில் நீர் ஏன் எழும்பினீர்?

அன்புள்ள தம்பி,

ஈஸ்ட்ஹாம் ஆரம்பப் பள்ளியொன்றில் சீருடைச் செலவு பற்றித் தாய்மாரைக் கூட்டிய கதையை எழுதி அனுப்பியிருந்தீர். வந்த அன்றே வாசித்துவிட்டேன். பள்ளி வாசலில் காத்து நிற்பது, வீடு வீடாய்ப் போய்க் கதைப்பது, அமைப்பாளர்களுக்கு வழிகாட்டிய அலின்ஸ்கி, ‘மக்கள் தாங்களே செய்யக்கூடியதை அவர்களுக்காக நீ செய்யாதே’ என்ற இரும்பு விதி எல்லாம் உமக்குத் தெரியும். அதற்குள் நான் போகவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது நாலாம் பக்கத்தில்.

அதிபரிடம் கேள்வி கேட்டது யார்? நீர். அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர். கேள்வி சரியான கேள்விதான். இலச்சினை போட்ட உடுப்புகளை மட்டுப்படுத்தவேண்டும், கேள்விப்பத்திரம் கோராமல் ஒரே கடையோடு ஒப்பந்தம் வைத்திருக்கக்கூடாது என்றுதான் 2021ஆம் ஆண்டுச் சீருடைச் செலவுச் சட்டத்தையொட்டி வந்த வழிகாட்டலும் சொல்கிறது. அதைப் பிழையில்லாத ஆங்கிலத்தில் உம்மால் சொல்ல முடியும். அதனால் என்ன நடந்தது? அதிபர் உம்மைப் பார்த்தே பதில் சொன்னார். பின்வரிசைத் தாய்மார் படம் பார்க்க வந்தவர்கள் போல இருந்துவிட்டுப் போனார்கள். நாளைக்கு நல்ல வேலை கிடைத்தால் நீர் லூசியம் பக்கம் போய்விடுவீர். அவர்கள் கடைசிப் பிள்ளை ஆறாம் வகுப்பு முடிக்கும்வரை அதே வாசலில் நிற்கவேண்டியவர்கள்.

கிழக்கு இலண்டனில் ரெல்கோ என்ற சமூக அமைப்பு தொடங்கிய 1996இலிருந்து இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். 2001இல் வாழ்வூதியக் கோரிக்கையை எழுப்பியவர்களும் பெற்றார்தான். குறைந்தபட்சச் சம்பளத்தில் இரண்டு வேலை செய்தால் பிள்ளையோடு இருக்க நேரம் எங்கே என்பதுதான் அவர்களுடைய கேள்வி. 2003இல் எச்.எஸ்.பி.சி. வங்கியின் பங்குதாரர் கூட்டத்தில் தலைவர் சர் ஜோன் பொண்டுக்கு முன்னால் எழும்பியது எந்த அமைப்பாளரும் அல்ல, அவருடைய அலுவலகத்தை இரவில் துப்புரவு செய்யும் அப்துல் டுரண்ட். பேசத் தெரிந்த அமைப்பாளர் ஒருவர் அதையே இன்னும் வடிவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தலைவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

இன்னொரு வரி: ‘தாய்மாருக்குத் தலைமைத்துவப் பயிற்சி அளிக்கப்பட்டது.’ இதை வாசித்தவுடன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். தம்பி, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போய்ப் பாரும். கலைவிழாவுக்கு மண்டபம் பிடிப்பது, விடியவிடிய ரோல்ஸ் சுற்றுவது, விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் பிரிப்பது, காசு கட்டாத தகப்பனைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைப்பது எல்லாம் யார்? இதே தாய்மார்தான். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தையே நடத்துகிறவ, திங்கட்கிழமை வாசலில் வாய் திறக்கமாட்டா.

தமிழ்ப் பள்ளியில் எங்களோடு ஒரு அக்கா இருந்தா. மண்டபக் காவலாளி வாடகையைக் கூட்டியபோது, தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் அந்த ஆளை மடக்கி, பழைய வாடகைக்கே சம்மதிக்க வைத்தவ. மகன் படித்த பள்ளியில் அவவைக் கண்டபோது, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாத்துக்கும் தலையாட்டிக்கொண்டு இருந்தா. ஏன் அக்கா என்று கேட்டேன். “அது அவையளின்ர பள்ளிக்கூடம், தம்பி. இது எங்கட” என்றா. அவவுக்குப் பட்டறையும் சான்றிதழும் வைக்கவில்லை. அவவின் குசினி மேசையில் நான் அதிபராக இருந்தேன், அவ கேள்வி கேட்டா. நான் மழுப்பினேன், கடிகாரத்தைப் பார்த்தேன், சிரித்துச் சமாளித்தேன். அவ திரும்பவும் கேட்டா. உண்மையான அதிபரிடம் போனபோது கேட்டது, பெண்பிள்ளைகளின் கழிவறைக் கதவுகளுக்கு ஏன் கொளுக்கி இல்லை என்று. எனக்கு அப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது. என் பட்டியலில் பெரிய பெரிய விஷயங்கள் இருந்தன.

நேரத்துக்கு வருகிறேன். சிரிப்பீர், கிழவன் தொடங்கிவிட்டான் என்று. கூட்டம் ஆறரைக்கு என்று அறிவித்து ஏழு பத்துக்குத் தொடங்கியிருக்கிறீர். ‘வழக்கமான தமிழ் நேரம்’ என்று பகிடி வேறு. ஆறரைக்கே வந்து குந்தியிருந்தது யார் என்று பார்த்தீரா? இரவு வேலைக்குப் பஸ் பிடிக்கவேண்டிய தாயாகத்தான் இருக்கும். பிந்தி வருகிறவனுக்கு மரியாதை செய்ய அவவைக் காக்கவைத்தால், அடுத்த கூட்டத்துக்கு அவ வரமாட்டா, பிந்துகிறவன் வருவான். ரெல்கோ மேடையில் ஆயரானாலும் இமாமானாலும் இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம்தான். கூட்டம் முடிந்து, கதிரைகளை அடுக்கமுதல் எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, எது பிழைத்தது என்று கேட்டீரா? அறிக்கையில் அதைக் காணவில்லை. கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஆறாம் பக்கம்! மூத்தவனுக்கு அளவில்லாமல் போன சட்டையிலிருந்து இலச்சினையைத் தையல் தையலாகப் பிரித்தெடுத்து, சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய சட்டையில் வைத்துத் தைத்த தாயைப் பற்றி எழுதியிருக்கிறீரே, பழைய நூல் இருந்த ஓட்டைகளுக்குள்ளேயே ஊசியை விட்டா என்று. அந்தப் பந்தியை எழுத எனக்கு வராது. இந்த நகரத்தில் இந்த வேலை பார்க்கிற எவருக்கும் வராது. பள்ளி அதைக் கண்டுபிடித்துக் கடிதம் அனுப்பியபோது, அந்தக் கடிதத்தை மடித்துச் சீருடைப் பற்றுச்சீட்டுகளோடு சேர்த்து வைத்தாவாம். அப்படிக் கோவை வைத்திருக்கிறவவை மண்டபத்தில் இருத்திவிட்டு நீர் எழும்பியிருக்கிறீர்.

கவுன்சில் பள்ளி என்றால் கவர்னர் சபையில் பெற்றாருக்குக் குறைந்தது இரண்டு இடம் இருக்கும், வழக்கமாக நான்கு வருடப் பதவி. எப்போது இடம் காலியாகிறது என்று பள்ளி அலுவலகத்தில் அவவையே போய்க் கேட்கச் சொல்லும். நீர் கூடப் போகவேண்டாம். அதற்கு முதல் அவவின் குசினியில் ஒரு மாலை இரும். நீர்தான் அதிபர். நன்றாக மழுப்பும்.

அன்புடன்,
அண்ணன்