நெருப்பின்றி வெடிக்கும் திரவம்

பட்டாசு வெடிக்க நெருப்பு வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் லேசான அதிர்ச்சியோ, பிரகாசமான ஒளியோ பட்டாலே வெடிக்கும் பொருளும் உண்டு. அதுதான் நைட்ரஜன் டிரைகுளோரைடு; எண்ணெய் போன்ற மஞ்சள் திரவம். 1811-ல் இதைக் கண்டுபிடித்த பிரெஞ்சு விஞ்ஞானி டூலாங், வெடிப்பில் ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்தார்.

ஏன் இப்படி வெடிக்கிறது? இதன் மூலக்கூறில் ஒரு நைட்ரஜன் அணுவுடன் மூன்று குளோரின் அணுக்கள் இணைந்துள்ளன. அந்தப் பிணைப்புகள் வலுவற்றவை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் தமக்குள் சேர்ந்தாலோ, மிக உறுதியான மும்மைப் பிணைப்பு உண்டாகிறது. ஒரு மோல் நைட்ரஜன் வாயுவில் அதைப் பிளக்கச் சுமார் 945 கிலோஜூல் ஆற்றல் தேவை. அது உருவாகும்போது அதே அளவு ஆற்றல் வெளிப்படும். ஆகவே, சிறு தூண்டுதல் கிடைத்தாலும் திரவம் நைட்ரஜனாகவும் குளோரினாகவும் சிதைகிறது. வெளிப்படும் வெப்பம் பக்கத்து மூலக்கூறுகளையும் சிதைக்கிறது. கண்ணிமைக்கும் முன் சூடான வாயுக்கள் சீறி விரிகின்றன. இதற்கு ஆக்சிஜன்கூடத் தேவையில்லை!

1812-ல் ஹம்ஃப்ரி டேவியின் கண்ணையும் இத்திரவம் காயப்படுத்தியது. அவருக்குக் குறிப்பெழுத உதவியாக வந்த இளைஞர் மைக்கேல் ஃபாரடே, 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வக உதவியாளரானார்.

மேதைகளையே காயப்படுத்திய பாடம் இது. ஆகவே, ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் சொல்லாத எதையும் கலக்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியை மறவாதீர்கள்.