குழுவுக்கு ஒரு லோடு வண்டி: வாங்கும் முன் படிக்க வேண்டிய பாடம்



"வாடகைக்குக் கொடுக்கிற காசுக்குச் சொந்தமா ஒரு வண்டியே வாங்கிடலாம்க்கா." இந்தப் பேச்சு இல்லாத குழுவே இப்போது இல்லை. காய் சந்தைக்குப் போக வேண்டும், எரு வயலுக்குப் போக வேண்டும், மாட்டுக்குத் தீவனம் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் வண்டி தேவைதான். ஆனால் தேவை என்பது வேறு, சொந்தமாக வாங்குவது என்பது வேறு. அதைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

ஒரு குழுவின் அனுபவத்திலிருந்து தொடங்குவோம். ஊர்ப் பெயரும் குழுப் பெயரும் வேண்டாம், பாடம் போதும்.

நடந்தது என்ன?

12 பேர் கொண்ட குழு. எல்லோரும் கத்தரி, வெண்டை, கீரை போடுகிறவர்கள். வாரம் இரண்டு நாள் உழவர் சந்தைக்கு லோடு போகும். உறுப்பினர் ஒருவரின் உறவினர் வந்து, "பழைய லோடு வண்டி ஒண்ணு இருக்கு, 1,60,000 ரூபாய்தான், இன்னிக்கே முடிச்சா கிடைக்கும்" என்றார். வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது, பார்க்கப் பளபளவென்று இருந்தது. குழுவும் பணத்தைக் கொடுத்து, பத்திரத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டது. ஆர்.சி. புத்தகம் "அடுத்த வாரம் வரும்" என்றார்கள்.

முதல் மழையில் ஓடைக்கரை மண்ணில் வண்டி புதைந்தது. இழுத்து வெளியே எடுத்தபோது அடிச்சட்டத்தில் பழைய வெல்டிங் விட்டுப்போனது. நான்காம் மாதம் பைனான்ஸ்காரர்கள் வந்து நின்றார்கள். விற்றவர் தவணை பாக்கி வைத்திருந்தார். ஆர்.சி.யில் இன்னும் அவர் பெயர்தான். "நாங்க காசு கொடுத்துட்டோம்" என்று சொன்னால் யார் கேட்பார்கள்? எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது நஷ்டம் 60,000 ரூபாய். தலைக்கு 5,000. அதில் ஒரு சகோதரி மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினார். அவர் குழுவில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அன்னைக்கு ஒருத்தர்கூட வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கலியே, ஏன்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக நான்கு படிகளைத் தருகிறோம். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

படி 1: வேலையை எழுதுங்கள்

என்ன வண்டி என்று பேசும் முன், என்ன வேலை என்று தாளில் எழுதுங்கள். எதை ஏற்றப் போகிறோம், எத்தனை மூட்டை, எவ்வளவு தூரம், எந்தப் பாதை, மாதம் எத்தனை நாள்?

வயலுக்குள் இறங்கும் வேலைதான் அதிகம் என்றால் பவர் டில்லரோ மினி டிராக்டரோதான் சரி. உழவும் ஆகும், டிரெய்லர் மாட்டினால் எருவும் போகும். ஆனால் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சந்தைக்கு விடியலுக்குள் போய்ச் சேர அவை உதவாது.

ரோட்டு வேலை அதிகம் என்றால் சின்ன லோடு வண்டி. 2005-ல் டாடா ஏஸ் வந்தது முதல் இந்த வகை வண்டியையே நாம் "குட்டி யானை" என்கிறோம். ஏஸ் வண்டியின் பாரம் சுமார் முக்கால் டன், அதாவது 50 கிலோ மூட்டை 15. 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன், அதாவது 25 மூட்டை. நீங்கள் பார்க்கும் வண்டிக்குச் சரியான கணக்கு ஆர்.சி.யிலேயே இருக்கும். மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழியுங்கள். மிச்சம்தான் டிரைவரையும் சேர்த்து ஏற்றக்கூடிய பாரம்.

ஒன்றை மறக்க வேண்டாம். குட்டி யானைக்குச் சக்கரம் சின்னது. கரிசல் மண்ணில் மழைக்காலத்தில் சட்டென்று புதையும். பின்சக்கரம்தான் தள்ளுகிறது, அதனால் காலி வண்டியாக இருந்தால் பின்பக்கம் பாரமில்லாமல் சேற்றில் சுற்றும். உங்கள் பாதை முழுக்கக் கரிசல் என்றால், வண்டி ரோட்டோரம் நிற்கட்டும். வயலிலிருந்து ரோடு வரைக்கும் மாட்டு வண்டியோ டிராக்டரோ போதும்.

படி 2: கணக்குப் போடுங்கள்

அந்தக் குழு 3,00,000 ரூபாய் கடனில் வண்டி வாங்கினால் மாதக் கணக்கு எப்படி வரும் என்று பாருங்கள். தொகைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள், போடும் வழி இதுதான்.

தவணை (12 சதவீத வட்டி, 36 மாதம்) – 9,960
டிரைவர் சம்பளம் – 12,000
இன்சூரன்ஸ், எஃப்.சி., வரிக்கு மாதா மாதம் ஒதுக்குவது – 3,000
டயர், சர்வீஸ், ரிப்பேருக்கு ஒதுக்குவது – 3,000
ஆக, வண்டி ஓடினாலும் நின்றாலும் செலவு – 27,960

இனி ஓடும் செலவு. நாளுக்கு 60 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 4 லிட்டர். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் 380 ரூபாய். வாடகை நாளுக்கு 1,500 என்றால் டீசல் போகக் கையில் நிற்பது 1,120. இந்த 1,120-ஐ வைத்து 27,960-ஐ அடைக்க வேண்டும். மாதம் 25 நாள் ஓடினால்தான் கையைக் கடிக்காது.

அந்தக் குழுவுக்குச் சொந்த வேலை மாதம் 8 நாள்தான். வாடகை வண்டி எடுத்தால் 8 நாளுக்கு 12,000 ரூபாயோடு முடிந்தது. சொந்த வண்டி என்றால் மீதி 17 நாளுக்கும் வெளி வாடகை தேடி அலைய வேண்டும். அதனால் 8 நாள் வேலைக்கு வாடகை வண்டியே லாபம். உழவு வேலைக்கு வேளாண் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்குத் தருகிறது. அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் குழு வண்டியே வாங்கக் கூடாதா? வாங்கலாம். ஒரு குழுவுக்கு 8 நாள், பக்கத்துக் குழுக்கள் இரண்டும் சேர்ந்தால் 24 நாள். இன்னும் ஒன்றிரண்டு வெளி வாடகை கிடைத்தால் போதும். கூட்டமைப்பில் நாம் சேர்ந்திருப்பது இதற்கும்தான்.

படி 3: வண்டியைப் பாருங்கள்

பழைய வண்டி என்றால் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு இல்லை. ஆனாலும் இவற்றை நீங்களே பார்க்கலாம்:

• காலையில் போங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் சோதனை.

• புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கன்னங்கரேலென்று விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

• ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டி வேண்டாம்.

• கீழே குனியுங்கள். அடிச்சட்டத்தில், முக்கியமாகப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில், வெல்டிங், வெடிப்பு, துரு இருக்கிறதா? மீன் லோடு, உப்பு லோடு ஓட்டிய வண்டியில் துரு உள்ளுக்குள்ளே தின்றிருக்கும். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் இரண்டு மடங்கு கவனம் தேவை.

• டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சக்கர அலைன்மென்ட் போயிருக்கலாம், அடிச்சட்டமே கோணியிருக்கவும் கூடும்.

• கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். கிளட்ச் பெடலும் பிரேக் பெடலும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். வண்டியின் உழைப்பு அதில் தெரியும்.

கடைசிச் சோதனை, உங்கள் பாதையில் உங்கள் பாரத்தோடு ஓட்டிப் பார்ப்பது. தார் ரோட்டில் காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். அனுமதித்த பாரத்தை ஏற்றி, ஓடைக்கரை மேட்டில் நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். என்ஜின் இரைகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது. இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் பாருங்கள். "லோடு ஏத்திப் பாக்கக் கூடாது" என்று விற்பவர் சொன்னால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

இன்னொன்று, ரிப்பேர் பார்க்கும் இடம். பக்கத்து டவுனில் எந்த வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிறது, எதைச் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள் என்று ஒர்க்‌ஷாப்பிலேயே போய்க் கேளுங்கள். ஊரில் பத்து பேர் வைத்திருக்கும் வண்டி, யாரிடமும் இல்லாத நல்ல வண்டியைவிட நமக்கு நல்லது.

படி 4: பேப்பரைப் பாருங்கள்

வண்டி நன்றாக இருந்து பேப்பர் சரியில்லை என்றால் வாங்கக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எதுவரை இருக்கிறது, வண்டி மேல் பைனான்ஸ் இருக்கிறதா என்பதை எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டே பார்க்கலாம். செல்போன் பழகிய மகளையோ மருமகளையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பைனான்ஸ் இருந்தால், பாக்கியைக் கட்டி என்.ஓ.சி.யும் 35-ம் எண் படிவமும் வாங்கிய பிறகுதான் முழுப்பணம். பெயர் மாற்ற 29, 30-ம் எண் படிவங்கள். நம் மாநிலத்து வண்டி என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை நம் பெயருக்கு மாற்றவும் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பத்திரத் தாளில் எழுதிய கையெழுத்து இவற்றுக்கு ஈடாகாது.

எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி, பதிவு இல்லாத வண்டிக்குச் சமம். 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். இதையும் விலை பேசும்போது மனத்தில் வையுங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. "பெர்மிட் செலவு" என்று யாராவது பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

கார் ஓட்டும் லைசென்ஸ், அதாவது இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால், மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம். உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னதை 2024 நவம்பரில் மறுபடி உறுதி செய்தது. ஆகவே நம் உறுப்பினரே டிரைவராகலாம். அந்த 12,000 ரூபாய் சம்பளமும் நம் வீட்டுக்குள்ளேயே நிற்கும்.

யார் பெயரில் பதிவு என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். விபத்து என்று வந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சுமையை ஒரு சகோதரியின் தலையில் மட்டும் விடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை

லோடு வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள். நடவுக்கும், கோயில் திருவிழாவுக்கும், ஏன், நம் கூட்டங்களுக்குமே பெண்கள் பின்னால் நின்றுகொண்டு போகிறார்கள். வண்டி கவிழ்ந்தால் உயிர் போகும். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஈடு தர வேண்டியதில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஈட்டை வண்டி வைத்திருக்கும் நாம்தான் கட்ட வேண்டி வரும். காயோடு போகிற காய்க்காரம்மா முன்சீட்டில் உட்கார்ந்து போகலாம், பின்னால் யாரும் வேண்டாம். பாரமும் அளவோடு இருக்கட்டும். 2019-ல் திருத்திய சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது.

அந்தக் குழு இப்போது

ஓராண்டு வாடகை வண்டியிலேயே சந்தைக்குப் போனார்கள். பிறகு பக்கத்துக் குழுக்கள் இரண்டோடு சேர்ந்து, கணக்குப் போட்டு, இன்னொரு வண்டி பார்த்தார்கள். பார்த்தது ஐந்து வண்டி, தள்ளியது நான்கு. ஐந்தாவது வண்டி 15 மூட்டையோடு ஓடைக்கரையில் நின்று ஏறியது. மகளின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துக் கட்டிய அதே சகோதரிதான் முதலில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாராம். பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுத்தார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. சென்ற மூன்று மாதத்தில் நம் குழு வண்டி வாடகைக்குக் கொடுத்தது எவ்வளவு? எத்தனை நாள்?
2. நம் பாதையில் மழைக்காலத்தில் எந்த வண்டி போகிறது?
3. எந்தெந்தக் குழுக்களோடு சேர்ந்தால் 25 நாள் வேலை தேறும்?
4. நம்மில் யார் ஓட்டப் பழக விரும்புகிறார்கள்?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வாருங்கள். கூட்டிக் கழித்துப் பார்த்து, எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.