ஓட முடியாத உயிர்கள்

நீர்வாழ் உயிர்கள் என்றதும் நம் மனத்தில் தோன்றுபவை மீன்களே. ஆனால் மீனுக்கும் கீழே, சேற்றிலும் மணலிலும் பாறையிலும் இன்னோர் உலகம் இருக்கிறது. சிப்பி, நண்டு, கடல் அட்டை, நட்சத்திர மீன், புழு என நீரின் தரையையே வீடாகக் கொண்டவை அடித்தள உயிரிகள் எனப்படுகின்றன. 1890இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இவற்றுக்குப் 'பெந்தோஸ்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்கு 'ஆழம்' என்று பொருள்.

இவை செய்யும் வேலை என்ன? கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை வெளியேற்றுகிறது. புழுக்கள் துளையிடுவதால் சேற்றுக்குள் உயிர்வளி செல்கிறது. நாம் விரும்பி உண்ணும் கெராங், நீரை வடிகட்டி உணவு பெறுகிறது. சுருங்கச் சொன்னால், மேலிருந்து விழும் கழிவை மீண்டும் உயிராக்குபவை இவைதாம்.

நீர் கெட்டால் மீன் நீந்தி விலகலாம். சிப்பி எங்கே போகும்? எனவேதான் நீரின் நலத்தை அறிய அறிவியலாளர்கள் அடித்தள உயிரிகளைச் சோதிக்கின்றனர். ஏரிச் சேற்றில் மற்றவை மறைந்து, மீன்தொட்டி இரையாக விற்கப்படும் இரத்தப் புழு போன்றவை மட்டும் பெருகினால், அங்கே உயிர்வளி குறைந்துவிட்டது என்று ஊகிக்கலாம். அப்புழுவின் உடலிலுள்ள ஹீமோகுளோபின், குறைந்த உயிர்வளியிலும் அது வாழ உதவுகிறது.

இதற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. சிங்கப்பூரின் பூலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா கரையைத் தூர்த்து நிலமாக்கத் திட்டமிடப்பட்டிருந்தது. கடல் வற்றும் வேளையில் அங்குள்ள உயிர்களைக் கண்ட பொதுமக்களும் ஆர்வலர்களும் குரல் கொடுத்தனர். 2002 ஜனவரியில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

ஆனால் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஆறுகள் கொண்டுவந்த நன்னீரால் நீரிணையில் உப்பு குறைந்தது. செக் ஜாவாவின் கடற்சாமந்திகள் உள்ளிட்ட பல உயிர்கள் நின்ற இடத்திலேயே மடிந்தன. பிறகு அங்கே மெல்ல மெல்ல உயிர்கள் திரும்பின. அடித்தள உயிரிகள் பலவற்றின் இளம்பருவம் நீரோட்டத்தில் மிதந்து வந்து, ஏற்ற தரை கிடைத்தால் தங்கிவிடும்.

தரை இருந்ததால் உயிர் திரும்பியது. அந்தத் தரையையே தூர்த்திருந்தால்? 2002இன் முடிவுகூட, வளர்ச்சிப் பணிகளுக்கு அவ்விடம் தேவைப்படாத வரை என்பதுதான். அடுத்த முறை அங்குள்ள மரப்பாதையில் நடக்கும்போது, நண்பர்களே, சற்றே குனிந்து பாருங்கள். தமக்காகப் பேச முடியாத உயிர்களைக் கண்டவர்கள்தாம் அவற்றுக்காகப் பேச வேண்டும்.