கூத்தும் கதை விளையாட்டும்

பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற விருத்தாசலத்தைச் சூழ்ந்த தென்னார்க்காட்டுப் பகுதியில், திரௌபதியம்மன் விழாக்களில் இரவு முழுதும் பாரதக் கூத்து நிகழ்தல் பலரும் அறிந்ததே. அக்கூத்தினுள் மிகக் கொடியது துகிலுரிதற் பகுதியாம். நிறைந்த அவையில் ஒரு பெண் மானபங்கப்படுத்தப்படுவதைப் பெண்டிரும் சிறுவரும் உடனிருந்து காண்பர். இத்துணைக் கொடுமையை ஊர் யாங்ஙனம் தாங்குகின்றது?

கூத்து மரபே அதற்கு விடை கூறும். துச்சாதனனாக வேடம் புனைந்தவர், துகிலிற் கைவைக்குமுன் ஆட்டத்தை நிறுத்தி, வேடத்தினின்று நீங்கி, கதையின்பொருட்டே இது செய்வதாகக் கூறிக் கற்பூரமேற்றி அம்மனிடம் பொறுத்தருள வேண்டும் வழக்கம் உண்டு. அதன்பின்னரே கதை தொடரும். கட்டியங்காரனும் இடையிடையே நகைமொழி பேசி அவையோரின் நெஞ்சிறுக்கத்தைத் தளர்த்துவான். தஞ்சை மாவட்டத்து மெலட்டூர்ப் பாகவத மேளாவிலோ, நரசிம்மராக ஆடுவார் ஆவேசமுறுங்கால், இரணியனாக ஆடுவார்க்கு ஊறு நேராவண்ணம் அவரைச் சிலர் பிடித்துக்கொள்வர். கொடுமையைக் காட்டுதல் தவறன்று. காவலின்றிக் காட்டுதலே தவறு என்பது இவற்றாற் பெறப்படும்.

இனி, இக்காலத்து மேசைக் கதை விளையாட்டை நோக்குவாம். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கு முன்னோடி. சிலர் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடையுருட்டிக் கதை வளர்ப்பர். ஒருவர் அதனை நடத்துவார். பாரதக் கதை யாவரும் அறிந்தது. ஈண்டோ அடுத்து நிகழ்வது யாதென ஒருவரும் அறியார். ஆடுவோரே காண்போருமாவர். ஆதலின் காவல் இங்கு மிகுதியும் வேண்டப்படும். வெள்ளத்தில் உடன்பிறந்தானை இழந்த மாணவர் ஒருவர் அம்மேசையில் இருப்பின், சிறுவன் நீரில் மூழ்கும் காட்சி அவர்க்கு விளையாட்டாகுமோ?

இதற்கென விளையாடுவோர் கண்ட முறைகள் மூன்று. முதலாவது, கதை தொடங்குமுன் கூடிப் பேசி, எவ்வகைக் கதை என்பதை அனைவரும் ஒப்புதல். இரண்டாவது, ரான் எட்வர்ட்ஸ் என்பார் 2003-இல் எழுதிய ‘கோடும் திரையும்’ என்னும் பாகுபாடு. கோட்டிற்கு அப்பாற்பட்டது கதையில் வாராது. திரைக்குப் பின்னுள்ளது நிகழும், ஆயின் விரித்துரைக்கப்படாது. மூன்றாவது, ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பார் 2013-இல் வகுத்த எக்ஸ் சீட்டு. மேசை நடுவே கிடக்கும் அச்சீட்டை எவரேனும் தொட்டால், அப்பகுதியை நீக்கி அப்பாற் செல்வர். தொட்டவரைக் காரணம் வினவுதல் கூடாது. வினவின், மறைத்த புண்ணை அவரே திறந்து காட்ட நேரும்.

எல்லை வகுப்பின் கதை சுவை குன்றும் என்பாரும் உளர். துச்சாதனன் வணங்கியமையாற் கூத்தின் அக்காட்சி வலிமை இழந்ததுண்டோ? அவ்வணக்கத்தாலன்றோ ஆடுவார் துணிந்து ஆடுகின்றார், காண்போரும் துணிந்து காண்கின்றனர்! வேறுபாடு ஒன்றே: கூத்தில் வேண்டுதல் தெய்வத்தை நோக்கியது, மேசையில் உடனமர்ந்த தோழரை நோக்கியது.

ஆகவே, விடுதியறையில் இவ்விளையாட்டைத் தொடங்கும் மாணவர், பகடையைக் கையிலெடுக்குமுன், நம் கதையில் எது வேண்டா என ஒருவரையொருவர் கேட்டறிவாராக. அவ்வொரு வினாவுக்குச் செலவாகும் பொழுது சிறிது. அதனால் விளையும் நம்பிக்கையோ பெரிது.